ஸ்கேனும் கொப்பியும்: மைக்ரேன் என்ற முடிவில் சந்தேகம் வந்தால்

"தலைக்குள்ளே பார்க்காமலே மைக்ரேன் என்று எப்படிச் சொன்னார்கள்?" கடுமையான தலையிடியோடு வைத்தியசாலைக்குப் போய், ஓரிரு நாள் வார்டில் கிடந்து, நோய் நிர்ணய அட்டையோடு திரும்பி வந்தவரின் வீட்டில் தவறாமல் கிளம்பும் கேள்வி இது. அட்டையில் இருப்பது ஒரே சொல். அதற்குப் பின்னால் காட்டுவதற்குப் படமும் இல்லை, இரத்த அறிக்கையும் இல்லை. வலியோ விட்டுவிட்டு வந்துகொண்டே இருக்கிறது. சந்தேகம் வராமல் இருந்தால்தான் வியப்பு.

மாத்தளை மாவட்டத்தின் பல்லேபொலவில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க இரண்டு வழிகள் தெரியும். ஒன்று, மாத்தளைக்கு பஸ் ஏறி, அங்கிருந்து இன்னும் 25 கிலோமீட்டர் போல கண்டிக்குப் போய், ஒரு நிபுணரைச் சனல் பண்ணி, தலையை ஸ்கேன் எடுத்துவிடுவது. மற்றது, கடையில் ஒரு கொப்பி வாங்கி, தலையிடி வரும் நாளையெல்லாம் குறித்துவைத்து, இரண்டு மூன்று மாதம் கழித்து அதே கிளினிக்கில் கொண்டுபோய்க் காட்டுவது. முதலாவதற்குக் காசும் அலைச்சலும் வேண்டும். மற்றதற்குப் பொறுமை வேண்டும். ஸ்கேனே உண்மையான விசாரணை, கொப்பி என்பது ஆளை அனுப்பிவைக்கச் சொல்லும் சாட்டு என்றே பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். மைக்ரேனைப் பொறுத்தவரை நான் கொப்பியின் பக்கம் நிற்கிறேன். ஆனால் கொப்பியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓட வேண்டிய சந்தர்ப்பங்கள் சில உண்டு. அவற்றைச் சொல்லாமல் கொப்பியைப் புகழ்வது ஆபத்து.

முதலில், வைத்தியர் எதை வைத்து அந்தச் சொல்லை எழுதினார்? சர்வதேச தலைவலிச் சங்கம் 2018இல் வெளியிட்ட மூன்றாம் பதிப்பு வகைப்பாட்டைத்தான் உலகெங்கும் நரம்பியல் நிபுணர்கள் பின்பற்றுகிறார்கள். அதன்படி சாதாரண மைக்ரேனுக்கு இப்படிப்பட்ட தலையிடி குறைந்தது ஐந்து தடவை வந்திருக்க வேண்டும். மருந்து எடுக்காவிட்டால் ஒவ்வொன்றும் 4 மணி முதல் 72 மணி நேரம் வரை நீடிக்க வேண்டும். ஒரு பக்கம் வலிப்பது, விண்விண்ணென்று தெறிப்பது, வேலையைக் கெடுக்கும் அளவுக்குக் கடுமையாய் இருப்பது, படியேறினாலோ நடந்தாலோ கூடுவது ஆகிய நான்கில் இரண்டு இருந்தால் போதும். ஆகவே இரண்டு பக்கமும் வலித்தாலும் அது மைக்ரேனாக இருக்கலாம். கூடவே ஓங்காளமோ சத்தியோ, அல்லது வெளிச்சமும் சத்தமும் சேர்ந்து தாங்க முடியாமையோ இருக்க வேண்டும். கடைசி நிபந்தனை ஒன்று உண்டு: வேறொரு நோய் இதை இன்னும் பொருத்தமாக விளக்கிவிடக் கூடாது.

இந்தப் பட்டியலில் ஸ்கேன் எங்கும் வரவில்லை. மைக்ரேனைக் காட்டிக்கொடுக்கும் படமோ இரத்தப் பரிசோதனையோ இன்றுவரை கிடையாது. நோயாளி வாயால் சொன்னதை வைத்து முடிவெடுப்பதுதான் முறை. ஆனால் அதே காரணத்தால், சொன்னது குறைந்தாலும் கேட்டது குறைந்தாலும் முடிவு தவறிவிடும். காலை வேளையில் வெளிநோயாளர் பிரிவில் வரிசை எப்படி நிற்கும் என்பது நமக்குத் தெரியும். அதிலும் மாத்தளை மாவட்டத்தில் தமிழில் நினைத்து வலியைச் சிங்களத்தில் சொல்ல வேண்டிய ஒருவருக்கு நிலைமை இன்னும் இறுக்கம். "கண்ணுக்குப் பின்னாலே குத்துது, பிறகு அரைமணி நேரம் பாதிக் கண் பளபளவென்று தெரியாமப் போகுது" என்று வீட்டில் விளக்கமாகச் சொல்பவர், அங்கே போய் "தலையிடி" என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுகிறார். பளபளவென்று தெரிந்த அந்த அரைமணி நேரம் அட்டையில் ஏறாமலே போய்விடுகிறது. இலங்கை அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டுப் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆனால் வைத்தியரின் மேசைக்கு முன்னால் அந்த உரிமை ஒவ்வொரு நாளும் கிடைத்துவிடுவதில்லை.

இரண்டு கருவிகளில் கொப்பிதான் மூத்தது. 1870இல் ஹியூபர்ட் ஏரி என்ற ஆங்கில மருத்துவர், தலையிடிக்கு முன் தன் கண்ணில் தெரிந்த வளைந்து வளைந்து விரியும் ஒளிக்கோடுகளை நேரத்தோடு வரைந்து வெளியிட்டார். மைக்ரேனின் முன்னறிகுறியை இன்றும் விளக்க உதவும் படங்கள் அவை. ஸ்கேன் வந்தது அதற்கு நூறு ஆண்டுகள் கழித்து. 1971 ஒக்டோபர் 1ஆம் திகதி லண்டன் விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மோர்லி வைத்தியசாலையில், கொட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய கருவியில் முதல் நோயாளியின் மூளை படமாக்கப்பட்டது. 1979இல் அவருக்கும் அலன் கோர்மாக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மண்டையைத் திறக்காமலே கட்டியையும் இரத்தக் கசிவையும் நேரடியாகப் பார்க்க முடிந்தது அந்தக் கருவி வந்த பின்தான். அந்தப் பெருமையை எந்தக் கொப்பியாலும் குறைத்துவிட முடியாது.

ஸ்கேனின் பக்க நியாயத்தை இலங்கையில் ஒரு வழக்கு மிகக் கனமாகச் சொல்கிறது. சட்டம் படிப்பவர்கள் எல்லாரும் அறிந்த பிரியானி சொய்சா எதிர் அர்செகுலரத்ன வழக்கு அது. 1992இல் கொழும்பில் ஒரு சிறுமியின் உடல் அசைவுகளில் ஏற்பட்ட மாற்றத்தை, நாட்டின் புகழ்பெற்ற குழந்தை மருத்துவப் பேராசிரியர் ருமாட்டிக் கொரியா என்ற அசைவு நோய் என்று தீர்மானித்தார். பின்னர் எடுத்த சி.ரி. ஸ்கேனில் மூளைத் தண்டில் கட்டி இருப்பது தெரிந்தது. குழந்தை அந்த ஆண்டே இறந்தது. தகப்பன் வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றங்கள் அவர் பக்கம் தீர்ப்பளித்தன. 2001இல் உயர் நீதிமன்றம், நோயைக் கண்டறிவதில் கவனக்குறைவு நடந்ததை ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்தக் குறைதான் மரணத்துக்குக் காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று நட்டஈட்டை நீக்கியது. அத்தகைய கட்டியை நேரத்தோடு கண்டுபிடித்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியுமா என்ற கேள்விக்கு வழக்கில் உறுதியான விடை கிடைக்கவில்லை.

இந்த வழக்கைத் தலையிடிக்காரர் ஒவ்வொருவருக்கும் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பதற்கு ஆதாரமாகக் காட்டுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் குழந்தைக்கு வந்தது புதிதாகத் தோன்றிய நரம்புக் கோளாறு. கை கால் அசைவும் நடையும் பேச்சும் மாறினால் படம் எடுத்தே ஆக வேண்டும். பல ஆண்டுகளாக ஒரே மாதிரி வந்து, இரண்டு நாளில் முழுதாகப் போய், இடையில் ஆள் நன்றாக இருக்கும் தலையிடி வேறு வகை. பெரிய பெயர் பெற்றவர் சொன்னாலும் அறிகுறிகள் பொருந்தாவிட்டால் குடும்பம் மீண்டும் கேட்க வேண்டும் என்பதுதான் அந்த வழக்கில் நான் காணும் பாடம்.

கொப்பியைத் தூக்கிப் போட வேண்டிய சந்தர்ப்பங்கள் இவைதான். இடி விழுந்ததுபோல ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும் தலையிடி மூளையைச் சுற்றி இரத்தம் கசிவதாக இருக்கலாம். அதற்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கும் சி.ரி. ஸ்கேன் மிகவும் நம்பத்தக்கது. நேரம் கடந்தால் முதுகிலிருந்து நீர் எடுத்தும் பார்க்க வேண்டிவரும். காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, கை கால் செயலிழப்பது, வாய் கோணுவது, வலிப்பு வருவது, தலையில் அடிபட்ட பிறகு தொடங்குவது, கர்ப்பிணிக்கோ பிள்ளை பெற்ற சில வாரங்களுக்குள்ளோ புதிதாக வருவது, புற்றுநோய் உள்ளவருக்கு வருவது எல்லாம் அதே வரிசை. இவற்றில் ஒன்று கண்டால் நல்ல நாள் பார்க்காமல் 1990 என்ற இலக்கத்துக்கு அழைக்க வேண்டும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி பின்னர் நாடு முழுவதும் பரவிய அந்த அம்புலன்ஸ் சேவைக்குக் காசு இல்லை. வழியில் இன்னொரு தப்பெண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். வலி மாத்திரைக்கு அடங்கிவிட்டது என்பதால் ஆபத்தில்லை என்று ஆகாது. இரத்தக் கசிவின் வலியும் மாத்திரைக்குக் கொஞ்சம் இறங்குவதுண்டு.

இந்த எச்சரிக்கைகள் ஒன்றும் இல்லாதவருக்கு ஸ்கேன் என்ன தரும்? மூன்று மாத நிம்மதி தரும் என்கிறது லண்டனில் நடந்து 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வு. நாள்பட்ட தலையிடிக்காரரில் ஒரு பகுதியினருக்கு ஸ்கேன் எடுக்க வாய்ப்புக் கொடுத்து, மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். மூன்று மாதத்தில் பயம் குறைந்திருந்தது. ஒரு வருடத்தில் அந்த வித்தியாசம் இல்லாமல் போயிருந்தது. மனப்பதற்றம் மிகுந்தவர்களுக்கு மட்டும் ஸ்கேன் எடுத்த பிறகு மருத்துவத்துக்கான செலவு குறைந்தது. இதையும் சொல்லத்தான் வேண்டும். பயத்தில் தூக்கமே போனவருக்கு ஸ்கேன் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வெறும் ஆறுதலுக்காக மட்டும் மைக்ரேன்காரருக்குப் படம் எடுக்க அனுப்ப வேண்டாம் என்று பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2012இல் வெளியிட்ட வழிகாட்டியில் எழுதியிருக்கிறது.

ஆறுதல் தேடிப் போனவர் புதுப் பயத்தோடு திரும்புவதும் நடக்கும். நெதர்லாந்தின் ரொட்டர்டாமில் நோய் எதுவும் சொல்லாத 2000 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது 1.8 வீதமானோரின் மூளை இரத்தக் குழாயில் புடைப்பு இருந்தது, 1.6 வீதமானோருக்குத் தீங்கற்ற கட்டி இருந்தது. 2007இல் வெளிவந்த கணக்கு இது. அவர்கள் அதுவரை எந்தத் தொல்லையும் இல்லாமல் வாழ்ந்தவர்கள். மைக்ரேன் உள்ள பெண்களின் மூளைப் படத்தில் சின்னச் சின்ன வெண்புள்ளிகள் கூடுதலாகத் தெரிவதையும் அதே நாட்டின் இன்னொரு ஆய்வு 2004இல் காட்டியது. ஒன்பது ஆண்டுகள் கழித்து அவர்களைத் திரும்பப் பரிசோதித்தபோது அந்தப் புள்ளிகளால் நினைவோ சிந்தனையோ குறைந்ததாகத் தெரியவில்லை. அறிக்கையில் அந்த வரியை வாசிக்கும் ஒருவருக்கு இதை யார் உட்கார்ந்து விளக்கப் போகிறார்கள்?

ஸ்கேனில் அகப்படாத தலையிடிகள் வேறு இருக்கின்றன. ஐம்பது வயதைத் தாண்டியவருக்குப் பொட்டில் உள்ள இரத்தக் குழாய் வீங்கி, மெல்லும்போது தாடை நோகும் நோய் ஒன்று உண்டு. கவனிக்காவிட்டால் கண்பார்வை போய்விடும். அதைக் காட்டிக்கொடுப்பது ஈ.எஸ்.ஆர். என்ற மலிவான இரத்தப் பரிசோதனை. இள வயதில் உடல் பருத்த பெண்களுக்கு மண்டைக்குள் நீர் அழுத்தம் கூடுவதுண்டு, சாதாரண சி.ரி. ஸ்கேன் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடும். கண்ணின் பின்புறத்தைச் சிறிய விளக்குக் கருவியால் பார்த்தால் அங்கே நரம்பு வீங்கியிருப்பது தெரியும். கண் அழுத்தம் திடீரென்று ஏறி வரும் தலையிடியும் சத்தியோடு மைக்ரேன் போலவே வரும். எனவே சந்தேகத்தோடு திரும்பிப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது, "டொக்டர், ஸ்கேன் எழுதித் தாங்க" என்பதல்ல. "டொக்டர், என் கண்ணுக்குள்ளே விளக்கு வைச்சுப் பார்த்தீங்களா? பிரஷர் எவ்வளவு இருந்தது?" என்று கேட்கலாம். இது எவரையும் புண்படுத்தாத கேள்வி. பதில் அட்டையிலேயே எழுதப்பட வேண்டிய ஒன்று.

இனிக் கொப்பிக்கு வருவோம். ஒரு பெண்ணின் கொப்பியை நினைத்துப் பார்ப்போம். நாற்பது பக்கக் கொப்பியில் அடிமட்டம் வைத்து ஏழு கோடு கீறியிருக்கிறாள். திகதி, எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மணிக்கு விட்டது, எந்தப் பக்கம், பத்துக்கு எத்தனை, சத்தி உண்டா, வெளிச்சம் தாங்கினாளா, எத்தனை மாத்திரை. ஓரத்தில் மாதவிடாய் நாளுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. சாப்பிடாமல் வயலுக்குப் போன நாளுக்கு ஒரு சுழி. இரண்டு மாதம் எழுதியாயிற்று. பக்கத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாலே மூன்று செய்திகள் தெரிகின்றன. கடும் வலி வந்த நாட்கள் சிவப்புப் புள்ளியை ஒட்டியே நிற்கின்றன. சுழி போட்ட நாட்களில் பாதிக்கு மேல் மத்தியானத்துக்குப் பிறகு தலையிடி. மூன்றாவது அவளையே திடுக்கிடச் செய்தது: பனடோல் போட்ட நாட்கள் ஒரு மாதத்தில் 19, மற்ற மாதத்தில் 22.

அந்த மூன்றாவது கணக்குதான் இந்த ஒப்பீட்டின் நடுப்பகுதி என்று நான் நினைக்கிறேன். பனடோல் போன்ற சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, கோடீன் கலந்தவற்றையும் மைக்ரேனுக்கென்றே உள்ள டிரிப்டான் வகையையும் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் எடுத்துவந்தால் மருந்தே தலையிடியை உண்டாக்கத் தொடங்கலாம். மைக்ரேன் என்ற முடிவு சரியாக இருந்து, அதன்மேல் இந்த இரண்டாவது தலையிடி ஏறிக்கொண்டால், நோயாளிக்கு என்ன தெரியும்? மருந்து கேட்கவில்லை, ஆகவே முடிவு பிழை என்றுதான் தெரியும். கண்டிக்குப் போய் எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் அது தெளிவாகத்தான் வரும். சந்தேகம் இன்னும் கூடும், மாத்திரையும் கூடும். அந்தச் சுழலை உடைக்கக்கூடியது மாத்திரையின் எண்ணிக்கை ஒன்றே. கடைகளில் துண்டு இல்லாமலே கிடைக்கும் மாத்திரையை எவரும் எண்ணுவதில்லை. வைத்தியருக்குச் சொல்வதும் இல்லை. "அதெல்லாம் மருந்தா, சும்மா பனடோல்தானே" என்று விட்டுவிடுவோம்.

பீனிசக்காரரின் கதையும் இதுபோன்றதே. மூக்கடைப்பும் முகத்தில் பாரமும் இருந்தால் சைனஸ் என்று வீட்டிலேயே தீர்த்துவிட்டு, வைத்தியர் மைக்ரேன் என்றால் நம்ப மறுக்கிறோம். அமெரிக்காவில் 2004இல் வந்த ஓர் ஆய்வில், தமக்கு சைனஸ் தலையிடி என்று சொல்லி வந்த 2991 பேரைப் பரிசோதித்தபோது 88 வீதமானோரின் தலையிடி மைக்ரேன் வகையாகவே இருந்தது. மைக்ரேன் வரும்போது மூக்கு அடைப்பதும் கண்ணீர் வடிவதும் உண்டு. கொப்பியில் சளி நிறத்தையும் காய்ச்சலையும் ஒரு வரி குறித்தால் இந்த வழக்கு பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

மருந்துக்கு எவ்வளவு காலம் கொடுத்தோம் என்பதும் கொப்பியில்தான் தெரியும். தாக்குதல் வராமல் தடுக்கக் கொடுக்கும் புரொபரனலோல், அமிட்ரிப்டிலின் போன்றவை வேலை செய்கின்றனவா என்று சொல்ல, சரியான அளவில் எட்டு வாரமாவது எடுத்திருக்க வேண்டும். இரண்டு வாரத்தில் தூக்கக் கலக்கம் என்று நிறுத்திவிட்டு அடுத்த வைத்தியரிடம் போனால், அவர் புதிதாக முதலிலிருந்து தொடங்குவார். நம் நாட்டில் எவரும் எந்த அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கும் கடிதம் இல்லாமலே போகலாம். காசிருந்தால் எந்த நிபுணரையும் சனல் பண்ணலாம். ஏழைக்கும் திறந்திருக்கும் இந்தக் கதவை நான் பெருமையாகவே நினைக்கிறேன். ஆனால் தலையிடி விடயத்தில் அதே சுதந்திரம், ஐந்து வைத்தியர் பார்த்தும் ஒருவரும் இரண்டாம் தடவை பார்க்காத நோயாளிகளை உண்டாக்கிவிடுகிறது. மைக்ரேன் காலத்தில் ஓடும் நோய். ஒரு நாள் பார்வையில் பாதிதான் தெரியும். சனல் அறையில் கிடைக்கும் பத்து நிமிடம் அரச கிளினிக்கில் கிடைப்பதைவிட நிதானமாக இருக்கலாம். கொப்பி இல்லாமல் போனால் அந்தப் பத்து நிமிடமும் பழைய கதையைத் திரும்பச் சொல்வதில் முடிந்துவிடும்.

கொப்பிக்கு ஒரு குறை உண்டு. அதை எழுதிக்கொண்டே ஆபத்தைத் தள்ளிப்போட்டுவிட முடியும். வாரத்துக்கு வாரம் நாட்கள் கூடிக்கொண்டே போனாலும், வலியின் இடமும் தன்மையும் முன்னைக்கு மாறினாலும், படுத்தால் கூடி எழும்பினால் குறைந்தாலும், இருமும்போது மண்டை வெடிப்பதுபோல் இருந்தாலும், மூன்று மாதக் கணக்கை நிறுத்திவிட்டு உடனே போக வேண்டும். அந்த நேரத்தில் ஸ்கேன் கேட்பது நியாயம். அதைக் கேட்க நோயாளிக்குக் கூச்சம் வேண்டாம். தலையிடிக்கு முன் கண்ணில் ஒளிக்கோடு தெரியும் பெண், ஈஸ்ட்ரஜன் கலந்த குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை எடுத்துவந்தால் அதையும் அன்றே சொல்ல வேண்டும். அந்த இரண்டும் சேர்ந்தால் பக்கவாத ஆபத்து கூடும் என்பதால் அந்த மாத்திரையைக் கொடுக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. மூச்சிழுப்பு உள்ளவர் புரொபரனலோலைப் பற்றி வாய் திறந்து கேட்க வேண்டும்.

எல்லாம் செய்தும் முடிவில் நம்பிக்கை வராவிட்டால், பழைய பதிவுகள் கைக்கு வர வேண்டும். நோய் நிர்ணய அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைப்பது முதல் வேலை. அரச வைத்தியசாலையில் இருக்கும் தன் பதிவுகளை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நோயாளி கேட்கலாம். மற்றவருக்குக் கொடுக்க நோயாளியின் எழுத்து மூலச் சம்மதம் தேவை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அட்டை, மருந்துத் துண்டுகள், கொப்பி மூன்றையும் வைத்து, கண்டி தேசிய வைத்தியசாலையின் நரம்பியல் கிளினிக்குக்குக் கடிதம் கேட்டால், மறுப்பதற்கு வைத்தியருக்குக் காரணம் இருக்காது. இரண்டாம் அபிப்பிராயம் கேட்பதை முதலாமவர் மேல் வைத்த குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளும் வைத்தியர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது மாற வேண்டும். கேட்கும் முறையை நாமும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம்: "எதை வைச்சு மைக்ரேன்னு முடிவு பண்ணினீங்க டொக்டர்? என்ன நடந்தா அதை மாத்தி யோசிப்பீங்க?" என்று கேட்டால் பதில் கிடைக்கும்.

சிங்களம் சரளமாக வராதவர்களுக்குக் கொப்பியில் இன்னொரு வசதி இருக்கிறது. திகதியும் மணியும் மாத்திரை எண்ணிக்கையும் எந்த மொழியிலும் ஒரே இலக்கம்தான். மேல் வரிசையில் இருக்கும் எட்டுத் தலைப்பையும் சிங்களம் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்துச் சிங்களத்திலும் எழுதிவைத்தால் போதும். கண்ணில் தெரிந்த ஒளிக்கோட்டைச் சொல்லச் சொல் வராவிட்டால், ஹியூபர்ட் ஏரி செய்ததுபோல் பக்கத்தின் அடியில் வரைந்துவிடலாம்.